கேபிளில் கட்டிப்போட்ட பம்பரம்

அவனுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. அண்டை அயலாருக்கும், உடன் வேலை செய்பவர்களுக்கும், சொந்த அக்காவுக்கும்கூட அவன் பம்பரம்தான். நாற்காலி தன்னைக் கடித்துவிடும் என்று அஞ்சுபவனைப்போல, உட்காரும்போதே எழுந்திருக்க ஆயத்தமாகிவிடுவான். சாப்பிடுவது நடந்துகொண்டே, பல் துலக்குவதும் நடந்துகொண்டே. முடி வெட்டிக்கொள்ளப் போனால், "தலையை மட்டும் இங்க விட்டுட்டு நீங்க எங்க வேணும்னாலும் போயிட்டு வாங்க, சார்" என்று முடிதிருத்துபவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

பள்ளியில் சுண்ணக்கட்டி எடுத்துவரவும், மணியடிக்கவும், பக்கத்து வகுப்பிலிருந்து வரைபடம் வாங்கிவரவும் ஆசிரியர்கள் அவனைத்தான் அனுப்பினார்கள். பையனுக்குக் கிடைத்த பெருமை அது என்று வீட்டில் மகிழ்ந்தார்கள். வகுப்புக்குக் கிடைத்த நிம்மதி என்பது ஆசிரியர்களுக்கு மட்டுமே தெரியும். படித்து முடித்ததும் ஓர் அலுவலகத்தில் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. அங்கே அவனுடைய நாற்காலியின் சக்கரங்கள் அடிக்கடி கழன்றன. பிறகு அவனே கழன்றுகொண்டான். கடைசியில் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தான். ஏறுவதும் இறங்குவதுமே பிழைப்பு என்றான பின்பு, அந்த வேலை அவனுடைய கால்களுக்குச் செருப்பைப்போலப் பொருந்திவிட்டது.

அவனுக்குக் கூட்டாளியாக அமைந்தவரைப் பார்த்தால், நிறுவனத்துக்காரர்களுக்கும் கேலி தெரியும் என்றுதான் சொல்லத் தோன்றும். அவர் ஒரு திருகாணியைக் கழற்றி, துடைத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, வைக்கவேண்டிய இடத்தில் வைத்த பிறகே அடுத்ததைத் தொடுவார். அவருக்கு நிதானம் என்று பெயர். 'பம்பரத்தையும் நிதானத்தையும் அனுப்புங்க' என்று வாடிக்கையாளர்கள் கேட்கும் அளவுக்கு இருவரும் ஒரு சோடியாகிவிட்டார்கள்.

பம்பரத்தின் சுழற்சியெல்லாம் உச்சத்துக்குப் போவது கைப்பேசி ஒலிக்கும்போதுதான். மணி ஒலித்த கணமே அதைப் பிடுங்கிக் காதில் வைத்து நடக்கத் தொடங்கிவிடுவான். பேச்சு முடியும் இடம் எது என்பது அவனுக்கே தெரியாது. ஒரு முறை குளித்துவிட்டுத் துண்டோடு பேசத் தொடங்கியவன், தெருமுனை மருந்துக்கடையின் வாசலில் சுயநினைவுக்கு வந்தான். மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தாலும் இதே கதைதான். கேபிளை முறையாகக் கழற்றுகிற வழக்கமே கிடையாது. ஒரே இழுப்பு. அந்த இழுப்புகளின் பயனாகக் கைப்பேசியின் சாக்கெட், ஆடும் பல்லைப்போல ஆகியிருந்தது.

அவனுடைய மனைவி இதற்கு நேர் எதிர். உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். தட்டச்சுதான் அவளுடைய தொழில். திருமணத்துக்கு முன்பு ஒரு வழக்கறிஞரிடம் வேலை பார்த்தாள். அவர் தொழிலை விட்ட பிறகு, யார் யாருடைய ஆய்வேடுகளையோ வீட்டிலேயே தட்டச்சு செய்து கொடுத்துவந்தாள். பெயர் எங்கும் வராத வேலை. 'சும்மா வீட்டில்தானே இருக்கிறாய்' என்று அவளுடைய அம்மாவே சொல்லிச் சொல்லி, அவளும் அதற்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டாள்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருந்தது. காது கேளாதவர்கள் கலந்துகொள்ளும் கூட்டங்களில், பேசுபவர் பேசப் பேச அதை அப்படியே எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும் வேலை. நிலையான வேலை, வீட்டிலிருந்தபடியே செய்யலாம். அதற்கான தேர்வு இணையத்தின் வழியாக நடக்கும். விதிகள் கறாராக இருந்தன. அறையில் வேறு குரல் கேட்கக் கூடாது. இடையில் இணைப்பு அறுந்தால் தேர்வு அத்தோடு முடிந்தது. மறுபடி எப்போது ஆள் எடுப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை. பல வாரங்களாக அவள் வானொலியைப் போட்டுவிட்டு, செய்தி வாசிப்பவரோடு போட்டி போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். செய்தி வாசிப்பவர் இருமினால்கூட அவளுடைய விரல்கள் ஒரு கணம் தயங்கும் என்று பம்பரம் சொல்லிச் சிரிப்பான்.

தேர்வு நாளன்று விடிந்ததும் தெருவில் பள்ளம் தோண்டும் இயந்திரம் வந்தது. கழிவுநீர்க் குழாயைத் தேடி வந்தவர்கள் இணையக் கம்பியைக் கண்டுபிடித்து, அறுத்தும்விட்டார்கள். வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசினால், 'ஆள் வருவாங்க' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பெயரவில்லை.

மனைவி கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பம்பரம் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தான். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அவனுடைய அக்கா, காலடிச் சத்தம் தாங்காமல் மேலே ஏறி வந்தாள்.

"ஏண்டா, என் வீட்டுக் கூரையில ஓட்டப்பந்தயமா நடத்துற? என்ன ஆச்சு?"

விவரத்தைக் கேட்டதும் அவளுடைய முகம் மாறிவிட்டது. "என் போனை வச்சுக்கோம்மா" என்றாள் தம்பி மனைவியிடம்.

"உங்க போன்ல இங்க பேசினாலே பாதி வார்த்தைதான் வருது, அண்ணி. என்னோடது பட்டன் போன். இவரு போன்லதான் இணையம் ஒழுங்கா வருது. அதுவும் அடுக்களை ஜன்னல் கிட்ட மட்டும்."

"அப்ப அதுலேருந்து கம்ப்யூட்டருக்குக் குடுக்க முடியாதா?"

"பழைய கம்ப்யூட்டர், அண்ணி. காத்துல வர்றதைப் பிடிக்கிற சமாசாரம் இதுல இல்ல. கேபிள் போட்டுத்தான் இழுக்கணும்."

செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் பம்பரம் உயிர்பெற்றான். மேசையையும் கணினியையும் அடுக்களைக்கு இழுத்து, ஜன்னலருகே போட்டான். கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் வைத்து, மின்னேற்றும் கேபிளைக் கணினியில் செருகினான். கைப்பேசி மின்னேற்றம் ஆனது. கணினியோ யாரையும் தெரியாது என்பதுபோல் இருந்தது. அமைப்புகளுக்குள் நுழைந்து, இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் பொத்தானைத் தேடினால், அது சாம்பல் நிறத்தில், தொட்டாலும் அசையாமல் கிடந்தது.

"இது சந்தையில வாங்கின கேபிளாங்க?" என்று மனைவி கேட்டாள். "சிலதுல கரன்ட்டு மட்டும்தான் போகும். வேற எதுவும் போகாது. போனோட வந்த கேபிள் எங்க?"

பரண்மேல் ஏறி, பெட்டிகளைக் கவிழ்த்து, தும்மி, ஒருவழியாகப் பழைய கேபிளோடு இறங்கினான். அதைச் செருகியதும் பொத்தானுக்கு உயிர் வந்தது. தள்ளினான். கணினித் திரையின் மூலையில் இணைப்பின் அடையாளம் தோன்றியது. அக்கா கைதட்டினாள். மனைவி முதன்முறையாகச் சிரித்தாள்.

சரிபார்ப்பதற்காக அவள் மாதிரித் தேர்வைத் திறந்தாள். ஒரு குரல் பேசத் தொடங்கியது. அவளுடைய விரல்கள் விசைகளின்மேல் ஓடின. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி ஒலித்தது.

பம்பரம் நினைத்துச் செய்யவில்லை. அதுதான் கொடுமை. மணி ஒலித்தது, கை நீண்டது, ஒரே இழுப்பு. "சொல்லுங்க, எந்தக் கட்டடம்?" என்று கேட்டபடியே மாடிப்படியில் பாதி தூரம் இறங்கிவிட்டான். கைப்பேசியோடே வந்துவிட்ட கேபிளின் அறுபட்ட வால்போன்ற முனை முழங்காலில் இடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டு மேலே ஓடி வந்தான்.

திரையில் 'இணைப்பு இல்லை' என்று இருந்தது. மனைவியின் விரல்கள் இன்னும் விசைப்பலகையின்மேலேயே இருந்தன.

"ஐயோ... கவனிக்கலம்மா. கை தானா..."

"பரவாயில்லைங்க" என்றாள். திட்டியிருந்தால் அவனுக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவள் நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, தேர்வு முடியிற வரைக்கும் போனை நீங்க பார்த்துக்குவீங்களா? இவரு வெளியில இருக்கட்டும்."

அவனுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஆனாலும், "அதுவும் சரிதான்" என்றான். அழைப்புகளையெல்லாம் நிதானத்தின் எண்ணுக்குத் திருப்பிவிட்டான், ஒலியை நிறுத்தினான், கைப்பேசியைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் ஜன்னல் விளிம்பில் கிடத்தி, கேபிளைச் செருகினான்.

இணைப்பு வந்தது. போயிற்று. வந்தது. போயிற்று. சற்றுமுன் இழுத்த இழுப்பு கடைசி இழுப்பாக அமைந்துவிட்டது. சாக்கெட் அடியோடு தளர்ந்துபோயிருந்தது. அறுந்து அறுந்து ஒட்டும் ஒவ்வொரு முறையும் பகிர்வுப் பொத்தானை மறுபடி தள்ளவேண்டியிருந்தது. அக்கா ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தாள். துணி காயப்போடும் கவ்வியைக் கொண்டுவந்து கவ்வவிட்டாள். காகிதத்தை மடித்து அடியில் கொடுத்தாள். எதற்கும் மசியவில்லை. கடைக்குக் கொண்டுபோக நேரமும் இல்லை.

பம்பரம் முன்னே வந்தான். கேபிளின் முனையைக் கட்டைவிரலால் மேலே நெம்பி, ஆள்காட்டி விரலால் இலேசாக இடப்பக்கம் சாய்த்தான். இணைப்பு வந்து நின்றது. விரலை எடுத்ததும் போயிற்று. வைத்ததும் வந்தது. அக்கா தன் விரல்களால் முயன்றாள். அவளுக்கு அந்தக் கோணம் பிடிபடவே இல்லை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவன்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கணும் போல" என்றாள் அக்கா. "தேர்வு உனக்கா இவனுக்கான்னு தெரியலையேம்மா."

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் இருந்தது: பாதியில் எழுந்த சாப்பாடுகள், இடைவேளையோடு வெளியேறிய திரைப்படங்கள், அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் கேட்ட காலடிகள்.

"நிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"நிக்கிறேன்" என்றான். அவனுடைய கால் அப்போதே ஆடிக்கொண்டிருந்தது.

மதியம் தேர்வு தொடங்கியது. கணினிப் படக்கருவியின் பார்வையில் படாதபடி அவன் ஜன்னலோரமாக ஒதுங்கி, இடுப்பை வளைத்துக் குனிந்து, இரு விரல்களால் கேபிளைப் பிடித்தபடி நின்றான். அக்கா அடுக்களை வாசலுக்கு வெளியே காவல். மனைவி காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டாள். எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் அவளுக்கு வணக்கம் சொன்னார் போலும். அவளும் வணக்கம் சொன்னாள். பிறகு விசைகளின் ஓசை மழையைப்போல இறங்கத் தொடங்கியது.

முதல் சிறிது நேரம் அவனால் சமாளிக்க முடிந்தது. பிறகு முழங்காலுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. ஒன்றும் ஊரவில்லை, ஊர்வதுபோல் இருந்தது. முதுகில் ஓரிடம் அரித்தது; கவனியாமல் விட்டால் அரிப்பு வேறிடத்துக்குத் தாவியது. கால்விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினான். உடம்பின் ஓட்டமெல்லாம் அந்தப் பத்து விரல்களுக்குள் போய் அடைந்துகொண்டதுபோல் அவை பரபரத்தன. ஜன்னல் வழியே வெயில் நேராக இறங்கியது. கைப்பேசி சூடேறிக்கொண்டே வந்தது. சூடு தாங்காமல் அது அணைந்துபோனால் என்ன செய்வது? மறுகையை மெதுவாக உயர்த்தி, உள்ளங்கையால் நிழல் பிடித்தான். இப்போது இரண்டு கைகளும் கட்டுண்டன.

அப்போதுதான் கைப்பேசியின் திரை ஒளிர்ந்தது. ஓசையில்லாமல் ஒரு செய்தி. நிதானத்திடமிருந்து.

'மோட்டார் அறைச் சாவி உன்கிட்டயா? தெருக்கோடிக் கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ளே குடியிருப்போர் சங்கத் தலைவர். ரொம்பச் சத்தம் போடுறார்.'

சாவி அவனுடைய கால்சட்டைப் பையில் இருந்தது. குனிந்து நின்ற நிலையில் அது தொடையில் குத்திக்கொண்டும் இருந்தது. கட்டடம் கண்ணுக்கெட்டும் தொலைவில்தான். ஜன்னல் வழியே அதன் மொட்டைமாடி தெரிந்தது. மற்ற நாளாக இருந்தால் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் அங்கே போய் நின்றிருப்பான். கால்கள் இரண்டும் அவனைக் கேட்காமலே வாசலை நோக்கித் திரும்பின. இடுப்பு திரும்பியது. தோள் திரும்பியது. விரல்கள் மட்டும் திரும்பவில்லை.

மனைவி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், விசைகளின் ஓசை தயங்கியது. அவன் அசைந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கால்களைத் திருப்பிப் பழைய இடத்தில் ஊன்றினான். ஓசை மறுபடி சீராயிற்று.

இனி அக்காதான் கதி. வாயைத் திறக்க முடியாது. பற்களைக் கடித்து, கண்களை உருட்டி, புருவத்தை உயர்த்தி வாசலைப் பார்த்தான். அக்கா முதலில், தம்பிக்கு வலிப்பு வந்துவிட்டது என்றே நினைத்தாள். பதறி, நுனிக்காலில் உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவன் தலையைப் பலமாக ஆட்டிவிட்டு, மோவாயால் கைப்பேசியைக் காட்டினான். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிச் செய்தியைப் படித்தாள். பிறகு மோவாயால் தன் கால்சட்டைப் பையைக் காட்டினான்.

அக்கா கையை விட்டுத் துழாவினாள். ஒரு திருப்புளி வந்தது. கசங்கிய பயணச்சீட்டு வந்தது. ஒரு மிட்டாய் உறை வந்தது. இந்த வயதிலும் மிட்டாயா என்பதுபோல் அவள் அவனை முறைத்தாள். அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். கடைசியில் சாவி அகப்பட்டது. அதை வெளியே எடுக்கும்போது வளையம் கிலுங்கியது. இருவரும் உறைந்தார்கள். மனைவியின் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

படியிறங்கவே சலித்துக்கொள்ளும் அக்கா அன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கி ஓடினாள். அவள் ஓடுவதை அவன் ஜன்னல் வழியே பார்த்தான். தன்னுடைய ஓட்டத்தை வேறொருவர் ஓடுவதைப் பார்ப்பது அவனுக்குப் பெரும் துன்பமாக இருந்தது. 'பள்ளத்தைச் சுத்திப் போ, நேரா போகாதே' என்று மனத்துக்குள் கத்தினான். அவள் நேராகத்தான் போனாள். பள்ளத்தின் விளிம்பில் தடுமாறி, தோண்டுபவர்களை நாலு சொல் திட்டிவிட்டு மறைந்தாள்.

அதன்பிறகு ஒன்றும் தெரியவில்லை. சாவி போய்ச் சேர்ந்ததா, தலைவர் வெளியே வந்தாரா, நிதானம் திருகாணியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரா? நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வை மூக்கின் நுனியில் தொங்கியது. அது கைப்பேசியின்மேல் விழுந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பினான். கட்டைவிரல் மரத்துப்போயிற்று. தான் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறோமா என்பதே தெரியாமல், திரையின் மூலையில் இருந்த இணைப்பின் அடையாளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதையும் மனைவியின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் வேலை செய்வதை அவன் இவ்வளவு நேரம் நின்று பார்த்ததே இல்லை. பேசுபவர் சொல்லி முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. வாக்கியம் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே அறிந்தவளைப்போல, அதன் கூடவே ஓடினாள். உட்கார்ந்த இடத்திலேயே இவ்வளவு ஓடமுடியுமா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது.

விசைகளின் ஓசை நின்றது. "நன்றி" என்றாள் அவள். அவன் நிமிரப் போனான். அவள் இடக்கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள். எழுதியது இன்னும் போய்ச் சேரவில்லை; திரையில் ஒரு நீலக்கோடு ஆமைபோல் நகர்ந்துகொண்டிருந்தது. அது பாதியில் நின்றது. அவன் மூச்சையும் நிறுத்திக்கொண்டான். பிறகு கோடு மீண்டும் நகர்ந்து முனையைத் தொட்டது.

செவிப்பொறியில் அவர்கள் ஏதோ பேசினார்கள். அவள் "ஆமாங்க" என்றாள், "சரிங்க" என்றாள், பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "நாளைக்கேவா?" என்றாள்.

செவிப்பொறியைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். "எடுத்துட்டாங்க" என்றாள். "விடுங்க இப்ப. விட்டுடுங்க."

அவனால் விடமுடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. அவள் எழுந்து வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் நிமிர்ந்தபோது, அக்கா மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள்.

"தலைவர் வந்துட்டாருடா வெளியில. 'பம்பரம் எங்க? ஏன் வரல?'ன்னு குதிக்கிறார். 'அவனைக் கட்டிப்போட்டிருக்கோம்'னு சொல்லிட்டு வந்தேன்."

"கிடைச்சிருச்சு, அண்ணி" என்றாள் மனைவி.

அக்கா செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். பம்பரம் அந்த நேரத்துக்குள் அடுக்களையை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தான்.

அன்று மாலையே கடைக்குப் போய்ச் சாக்கெட்டைப் புதிதாக மாற்றிக்கொண்டு வந்தான். கடைக்காரர் பழைய சாக்கெட்டைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "போனை யாராவது கடிச்சாங்களா?" என்று கேட்டார். தெருவில் அறுந்த கம்பி மறுநாளும் அறுந்தபடியேதான் இருந்தது. அதனால் அவனுடைய கைப்பேசி அவளுடைய வேலை நேரம் முழுவதும் ஜன்னலில் கிடக்கவேண்டும் என்று ஆயிற்று. தன் அழைப்புகளை மனைவியின் பட்டன் போனுக்குத் திருப்பிவிட்டு, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் வேலைக்குக் கிளம்பினான்.

தெருக்கோடிக் கட்டடத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது அது ஒலித்தது. எடுத்தான். மனைவியின் அம்மா.

"மாப்பிள்ளையா? என்ன உங்ககிட்ட இருக்கு போனு? அவ எங்க?"

"வீட்லதான் இருக்கா, அத்தை."

"சும்மாதானே இருப்பா. கூப்பிடுங்க, ஒரு விஷயம் சொல்லணும்."

"நான் வெளியில இருக்கேன். அவ வேலையில இருக்கா. இப்பப் பேச முடியாது."

"வேலையிலயா? என்ன வேலை?"

அவன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டே விவரம் சொன்னான்.

"அது சரி, உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? உட்கார்ந்து பேசுங்களேன்."

"உட்கார்ந்துதான் இருக்கேன், அத்தை" என்றான், அடுத்த தளத்துக்குத் திரும்பியபடி. "அவதான் வேலையில இருக்கா. சாயங்காலம் கூப்பிடச் சொல்றேன்."